பிளான் போடாமல் அந்தமான் போகலாமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொல்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா பாருங்கள். நீங்கள் ஓசூரில் வேலையில் இருக்கிறீர்கள், தம்பி தர்மபுரியில் காலேஜ் கடைசி வருஷம். பொங்கல் லீவை ஒட்டி இரண்டு பேரும் ஆறு நாள் அந்தமான் போக ஆசை. பிளைட் டிக்கெட் மட்டும் போட்டுவிட்டு மற்றதையெல்லாம் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்கிறான் தம்பி. பேக்கேஜில் போனால்தான் அனுப்புவேன் என்கிறார் அம்மா. "பிளான் இல்லாமல் போனால் மாட்டிக்கொள்வோமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கெங்கே போகலாம் என்று நீங்கள் கேட்கவில்லை, அதற்கு யூடியூபில் வேண்டிய அளவு வீடியோ கிடக்கிறது. எதை இப்போதே முடிவு செய்ய வேண்டும், எதை அப்படியே விட்டுவிடலாம் என்பதுதான் உங்கள் கேள்வி. அதோடு, வாய்விட்டுக் கேட்காவிட்டாலும், இதுவரை சேர்ந்து வெளியூர் போகாத அக்காவும் தம்பியும் ஆறு நாள் முட்டிக்கொள்ளாமல் இருக்க முடியுமா என்ற கவலையும் அதற்குள் இருக்கிறது. இரண்டுக்குமே பதில் சொல்கிறேன்.

நான் காவேரிப்பட்டணத்துக்காரன். அந்தமான் தலைநகர் போர்ட் பிளேரில் பல வருஷம் டிராவல்ஸில் இருந்து, வண்டி, படகு, ரூம் என்று எல்லாம் ஏற்பாடு செய்து கொடுத்திருக்கிறேன். இப்போது கிருஷ்ணகிரியில் அதே தொழில். பேக்கேஜ் விற்பதுதான் என் பிழைப்பு. அப்படியிருந்தும் சொல்கிறேன், உங்கள் இரண்டு பேருக்கும் பேக்கேஜ் தேவையில்லை. பேக்கேஜ் என்றால் மணிக்கு ஒரு இடம் என்று எழுதியிருக்கும். வேன் ஹாரன் அடித்தால் தண்ணீரிலிருந்து எழுந்து ஓட வேண்டும். வயதானவர்களுக்கும் கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கும் அது பெரிய வசதி. உங்கள் வயசுக்காரர்களுக்கு அது தொல்லைதான். அதற்காகத் தம்பி சொல்வது போலப் பிளைட்டை மட்டும் போட்டுக்கொண்டு கிளம்புவதும், அதுவும் பொங்கல் சமயத்தில், சரிப்பட்டு வராது. போக வர விமானம், தீவுக்குத் தீவு போகும் படகு, கடைசி ராத்திரி போர்ட் பிளேரில் தங்குவது, இந்த மூன்றையும் இறுக்கிக் கட்டிவிடுங்கள். நடுவில் இருக்கும் பகல்களை எவ்வளவு வேண்டுமானாலும் தளர்த்தி விடலாம்.

படகை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்றால், ஏற்காட்டில் பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ் வரும், ஹேவ்லாக் தீவில் படகை விட்டால் பல சமயம் அடுத்த நாள்தான். போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக்குக்குத் தனியார் ஏசி படகுகள் ஒன்றரை மணியிலிருந்து இரண்டரை மணி நேரத்தில் போய்விடும். ஒரு தடவைக்கு ஆளுக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும், வகுப்பையும் சீசனையும் பொறுத்து ஏறும் இறங்கும். அரசாங்கப் படகு அதைவிட ரொம்ப மலிவு, ஆனால் அது முதலில் தீவு மக்களுக்கானது. ஆஸ்பத்திரிக்கும் ஆபீசுக்கும் அவர்கள் அதில்தான் போய் வருகிறார்கள். சீசனில் அதில் இடம் கிடைக்கும் என்று நம்பி ஒரு பயணத்தை அமைக்கக் கூடாது. கிறிஸ்துமஸில் ஆரம்பித்துக் குடியரசு தினம் வரைக்கும் அங்கே கூட்டம் குறையாது. அதனால் விமான டிக்கெட் போடுகிற அன்றைக்கே படகு டிக்கெட்டையும் போட்டுவிடுங்கள். ஹேவ்லாக்கில் ரூமையும் அப்போதே பிடித்துவிடுங்கள், மற்ற நாட்களில் போய் இறங்கித் தேடலாம், பொங்கலுக்கு வேண்டாம்.

பெயர்களில் குழம்பிவிடாதீர்கள். 2018 டிசம்பரில் ஹேவ்லாக்கை ஸ்வராஜ் தீவு என்றும் நீல் தீவை ஷஹீத் தீவு என்றும் மாற்றினார்கள். 2024 செப்டம்பரில் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. டிக்கெட்டில் புதுப் பெயர் இருக்கலாம், ஆட்டோக்காரர் வாயில் பழைய பெயர்தான் வரும். இடம் ஒன்றுதான். பயணம் செய்கிற இந்தியருக்கு இந்த மூன்று இடத்துக்கும் தனி அனுமதிச் சீட்டு எதுவும் வேண்டாம். நிக்கோபார் பக்கம் வேறு கதை, அது பழங்குடியினர் பகுதி, சுற்றுலாவாக நினைத்த மாதிரி போக முடியாது.

கடைசி ராத்திரி விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். ஒகேனக்கல்லில் காவிரியில் தண்ணீர் வரத்து கூடினால் கலெக்டர் ஆபீசிலிருந்து பரிசலை நிறுத்தச் சொல்லிவிடுவார்கள். நீங்கள் பெங்களூரிலிருந்து வந்தீர்களா, வண்டி பிடித்து வந்தீர்களா என்று யாரும் கேட்க மாட்டார்கள். அந்தமானில் படகும் அப்படித்தான். காற்று பலத்தால் துறைமுகத்திலிருந்து அனுமதி வராது, படகு நிற்கும். 2016 டிசம்பரில், பிறகு வர்தா புயலாகச் சென்னையைத் தாக்கிய அதே காற்றழுத்தம் அந்தமான் பக்கம் இருந்தபோது, ஹேவ்லாக்கிலும் நீலிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். கடற்படைக் கப்பல்கள் போய்த்தான் கூட்டி வந்தன. அவ்வளவு பெரிய புயல் அடிக்கடி வராது. ஆனால் அரை நாள் படகு நிற்பது சாதாரணம். ஹேவ்லாக் ஜெட்டியில், அதாவது படகுத்துறையில், அப்படி ஒரு அண்ணன் தம்பியை நான் பார்த்தேன். மதியம் போர்ட் பிளேரில் அவர்களுக்கு விமானம், காலைப் படகை நம்பியிருந்தார்கள். கவுன்டர் பையன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, "இன்னும் சிக்னல் வரலை, சார்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். அண்ணன் போனில் போர்டிங் பாஸைத் திறந்து திறந்து மூடுகிறான். தம்பி பெட்டி மேல் உட்கார்ந்து கடலையே பார்க்கிறான், கடல் கழுவாத சிலேட்டு மாதிரி சாம்பல் நிறத்தில் கிடக்கிறது. மத்தியானம் படகு கிளம்பியது, விமானம் போய்விட்டது. ஆளுக்குப் பதினைந்தாயிரம் போல் புது டிக்கெட்டுக்குக் கொடுத்தார்கள். முந்தின நாளே போர்ட் பிளேர் வந்து ஒரு சாதாரண லாட்ஜில் படுத்திருந்தால் அந்தப் பணம் மிச்சம். ஜனவரி பாதிக்கு மேல் கடல் பொதுவாக அடங்கி இருக்கும், ஏப்ரல் வரை நல்ல காலம்தான். ஆனால் குறிப்பிட்ட ஒரு நாளில் கடல் எப்படி இருக்கும் என்று என்னாலும் சொல்ல முடியாது, எந்த ஏஜென்ட்டாலும் சொல்ல முடியாது. உத்தரவாதம் தருகிறேன் என்பவரை நம்ப வேண்டாம்.

ஆறு நாளை நான் இப்படிப் பிரிப்பேன். முதல் நாள் காலை போர்ட் பிளேரில் இறங்கி அன்றைக்கு அங்கேயே இருப்பது. மறுநாள் காலைப் படகில் ஹேவ்லாக், இரண்டு ராத்திரி. பிறகு நீல் தீவில் ஒரு ராத்திரி. ஐந்தாம் நாள் போர்ட் பிளேர், ஆறாம் நாள் வீடு. இதற்கு மேல் ஒரு தீவைச் சேர்க்க ஆசைப்படாதீர்கள். ஒவ்வொரு தீவு மாறும்போதும் பெட்டி கட்டுவது, ஒரு மணி நேரம் முன்னால் ஜெட்டிக்குப் போவது, ஆதாரைக் காட்டுவது, வரிசையில் நிற்பது என்று அரை நாள் போய்விடும். கடல் பழக்கம் இல்லாதவர்களுக்கு வாந்தி வேறு. கிளம்ப அரை மணி நேரத்துக்கு முன் மாத்திரை போட்டுக்கொண்டு, கீழ்த்தளத்தில் நடுப்பகுதியில் உட்கார்ந்தால் ஆட்டம் குறைவாகத் தெரியும்.

பலரும் கவனிக்காத ஒன்று வெளிச்சம். போர்ட் பிளேரும் தர்மபுரியும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. ஆனால் அந்தமான் நமக்குக் கிழக்கே 14 டிகிரிக்கும் மேல் தள்ளி இருக்கிறது, கடிகாரம் மட்டும் இரண்டுக்கும் ஒன்று. ஒரு டிகிரிக்கு 4 நிமிஷம் என்று கணக்குப் போட்டால் அங்கே சூரியன் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் முன்னால் உதித்து, ஒரு மணி நேரம் முன்னால் மறைகிறது. ஜனவரியில் மாலை ஐந்தே கால் சுமாருக்குச் சூரியன் போய்விடும். பத்து மணிக்கு எழுந்து, டிபன் சாப்பிட்டு, பன்னிரண்டு மணிக்குக் கிளம்புகிற பிள்ளை உங்கள் தம்பி என்றால் பாதிப் பகல் போச்சு. நேரம் விஷயத்தில் மட்டும் அவனிடம் முதலிலேயே பேசிவிடுங்கள்: விடியற்காலையில் எழுந்துகொள், மத்தியானம் எவ்வளவு வேண்டுமானாலும் தூங்கு. அங்கே வெயிலுக்கும் அதுதான் சரி.

ஹேவ்லாக்கில் ராதாநகர் கடற்கரைக்கு ஒரு முழு மாலை கொடுங்கள். ஜெட்டியிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர். ஸ்கூட்டர் வாடகைக்குக் கிடைக்கும், லைசென்ஸ் அசல் கையில் இருக்கட்டும், ஹெல்மெட்டும் கேட்டு வாங்குங்கள். மூன்றரை மணிக்கெல்லாம் அங்கே இருந்தால், பெரிய மரங்களுக்கு நடுவே நடந்து மணலுக்கு வரும்போது தண்ணீரின் நிறம் இன்னும் இருக்கும். கரைக்குப் பக்கத்தில் கண்ணாடி, கொஞ்சம் தள்ளிப் பச்சை, அதற்கு அப்பால் நீலம். மெரினா மாதிரி கூச்சலும் கடையும் இல்லாத நீளமான கடற்கரை. டைம் பத்திரிகை 2004-ல் ஆசியாவின் மிகச் சிறந்த கடற்கரை என்று எழுதியது இதைத்தான். அங்கே உயிர்காப்பாளர்கள் இருக்கிறார்கள், அவர்கள் கண் படுகிற இடத்தில் மட்டும் இறங்குங்கள். ஒகேனக்கல்லிலும் கிணற்றிலும் நீந்திப் பழகிய பிள்ளைகளுக்குத் தைரியம் கொஞ்சம் கூடவே இருக்கும். அலை திரும்பிப் போகும்போது காலை இழுக்கிற வேகம் கிணற்றில் கிடையாது. இன்னொன்று, அந்தமானில் உப்புநீர் முதலை உண்டு. பெரும்பாலும் அலையாத்திக் காட்டு ஓடைகளில்தான் இருக்கும். ஆனால் 2010-ல் ஹேவ்லாக்கிலேயே கடலில் முக்குளித்துக்கொண்டிருந்த ஒரு வெளிநாட்டுப் பெண்ணை முதலை கொன்றிருக்கிறது. எச்சரிக்கைப் பலகை வைத்த ஓடை முகத்திலும், பொழுது சாய்ந்த பிறகும் தண்ணீரில் இறங்காதீர்கள். இதில் விட்டுக்கொடுப்பே வேண்டாம்.

ஸ்கூபா டைவிங் செய்யத் தம்பி துடிப்பான் என்று நினைக்கிறேன். நீச்சல் தெரியாதவர்களும் பயிற்சியாளர் கைப்பிடியில் ஒரு முறை இறங்கிப் பார்க்கலாம். சொல்ல வேண்டியது நாள் கணக்கு. நீருக்கடியில் அழுத்தத்தில் நைட்ரஜன் ரத்தத்தில் கரைகிறது. விமானத்தில் காற்றழுத்தம் குறையும்போது அது குமிழியாக வெளியே வந்து ஆபத்தாகலாம். ஒரு தடவை இறங்கினால் குறைந்தது 12 மணி நேரம், பல தடவை இறங்கினால் 18 மணி நேரம் கழித்துத்தான் பறக்க வேண்டும் என்பது டைவிங் உலகில் ஏற்றுக்கொண்ட அளவு. ஒரு முழு நாள் விட்டால் இன்னும் நல்லது. மூன்றாம் நாளே முடித்துவிட்டால் இந்தக் கவலை இல்லை. ஆஸ்துமா, காது, சைனஸ் தொந்தரவு இருந்தால் இங்கிருந்து கிளம்பும் முன்பே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அதில் நான் கருத்துச் சொல்லக் கூடாது, அங்கே கையெழுத்து வாங்கும் டைவிங் கடைக்காரரும் சொல்லக் கூடாது.

நீல் தீவு எனக்கு ஹேவ்லாக்கைவிடப் பிடிக்கும். மொத்தமே 14 சதுர கிலோமீட்டர்கூட இல்லை, சைக்கிளிலேயே சுற்றிவிடலாம். அந்தமானுக்குக் காய்கறி கொடுக்கிற தீவு அது. வழியெல்லாம் வாழையும் காய்கறித் தோட்டமும், வங்காளிக் குடும்பங்களின் வீடுகளும் என்று நம் பாலக்கோடு பக்கத்துக் கிராமத்துக்குக் கடல் வந்தது மாதிரி இருக்கும். அங்கே இருக்கும் இயற்கைப் பாறைப் பாலத்தைப் பார்க்க ஒரே நிபந்தனை, கடல் வற்றியிருக்க வேண்டும். ஏற்றமும் வற்றமும் நாளுக்கு இரண்டு முறை, தினமும் சுமார் 50 நிமிஷம் தள்ளிப்போகும். ரூம்காரரிடம் "இன்றைக்கு எத்தனை மணிக்கு வற்றும்?" என்று கேட்டால் சொல்லிவிடுவார். அந்த நேரத்தில் போனால் பாறைக் குழிகளில் தேங்கிய தண்ணீருக்குள் கடல் வெள்ளரியும் சின்ன மீன்களும் அப்படியே தெரியும். பழைய ரப்பர் செருப்பு இல்லாமல் அந்தப் பாறையில் நடக்காதீர்கள், கால் கிழிந்துவிடும். பகலைத் தளர்த்தி விடச் சொன்னேனே, அதற்கும் காரணம் இதுதான். கடல் வற்றும் நேரமும் வெயிலும் சேர்ந்து சொல்கிற நேரத்துக்குப் போகிறவர்கள்தான் அங்கே எதையும் முழுசாகப் பார்க்கிறார்கள்.

போர்ட் பிளேரில் செல்லுலார் சிறையைத் தவறவிடாதீர்கள். 1896-ல் கட்ட ஆரம்பித்து 1906-ல் முடித்தார்கள். நடுக் கோபுரத்திலிருந்து ஏழு சிறகுகள் விரிந்திருந்தன, இப்போது மூன்றுதான் மிச்சம். ஒரு அறையின் கதவுக்கு எதிரே அடுத்த சிறகின் முதுகு மட்டுமே தெரியும்படி கட்டியிருக்கிறார்கள், ஒரு கைதி இன்னொருவர் முகத்தைப் பார்க்கக் கூடாது என்பதற்காக. அறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். எதிரே ராஸ் தீவு, வெள்ளைக்காரர்களின் தலைமையிடமாக இருந்தது, 1941 நிலநடுக்கத்துக்குப் பிறகு கைவிடப்பட்டு இன்று கட்டிடங்கள் மேல் ஆலமர வேர்கள். இரண்டும் ஒரு நாளில் முடியும்.

பாராடாங் தீவின் சுண்ணாம்புக் குகைக்கும் போகச் சொல்லி எல்லாரும் இழுப்பார்கள். விடியற்காலை மூன்று, நாலு மணிக்குக் கிளம்பி, ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வரிசையில் நின்று, போலீஸ் பாதுகாப்போடு ஜாரவா பழங்குடி மக்களின் காட்டு வழியாகப் போக வேண்டும். அந்தச் சாலையை மூடச் சொல்லி 2002-லேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இன்னும் வண்டிகள் ஓடுகின்றன. வழியில் நிறுத்துவதும் படம் எடுப்பதும் குற்றம். குகைக்குப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு பலர் போவது அந்த மக்களைப் பார்க்கத்தான் என்பதை நான் வண்டிக்குள்ளேயே கேட்டிருக்கிறேன். நான் யாருக்கும் அதை ஏற்பாடு செய்வதில்லை. இது என் கருத்து, சட்டப்படி நீங்கள் போகலாம். ஆனால் ஆறு நாளில் ஒரு நாளை அதற்குக் கொடுப்பது எப்படிப் பார்த்தாலும் வீண்.

போகிற வழி: சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் நேரடி விமானம் உண்டு. நீங்கள் ஓசூரில் இருப்பதால் பெங்களூர்தான் லேசு. தம்பி முந்தின நாள் ராத்திரியே உங்கள் ரூமுக்கு வந்துவிட்டால், பின்னிரவில் சில்க் போர்டு நெரிசல் இல்லாமல் தேவனஹள்ளி விமான நிலையம் போய்விடலாம். சென்னை என்றால் மொரப்பூரில் ரயில் ஏறுவது. கப்பல் ஆசை இருந்தால் இந்த முறை விட்டுவிடுங்கள், போகவே மூன்று நாள் ஆகும்.

டிக்கெட் போடும்போது நம் ஊர் இனிஷியல் ஒரு தலைவலி. ஆதாரில் எப்படி இருக்கிறதோ அப்படியே போடுங்கள். ஒற்றை எழுத்தை ஏற்காத தளத்தில் அப்பா பெயரை முழுசாக எழுதி, அப்பா பெயர் அச்சான ஒரு அட்டையையும் வைத்துக்கொள்ளுங்கள். இது ஹோட்டலுக்கும் உதவும். அக்காவும் தம்பியும் ஒரே ரூமில் தங்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆனாலும் சின்ன லாட்ஜில் ரிசப்ஷன்காரர் ஒரு மாதிரி பார்க்கலாம். புக் செய்யும்போதே "அக்கா, தம்பி, இரண்டு கட்டில் தனித்தனியாக வேண்டும்" என்று செய்தி அனுப்பிவிடுங்கள். போய் இறங்கிய பிறகு ஒரே பெரிய கட்டிலைப் பார்த்து முழிக்க வேண்டியிருக்காது.

இனி உங்கள் இரண்டு பேரைப் பற்றி. கூடப் பிறந்தவர்கள் சேர்ந்து வந்து நான் பார்த்த வரையில், சண்டை இடத்தைப் பற்றி வருவதே இல்லை, காசைப் பற்றித்தான் வரும். ஒருவர் சம்பாதிக்கிறார், ஒருவர் படிக்கிறார். சம்பாதிக்கிறவர் ஒவ்வொரு தடவையும் பர்ஸை எடுக்கும்போது, அடுத்தவர் எதைக் கேட்கவும் கூசிப்போகிறார், அப்புறம் அந்தக் கூச்சம் சாயங்காலம் கோபமாக வெளியே வரும். கிளம்பும் முன்பே மொத்தச் செலவை ஒரு பொதுப் பையில் போட்டு, சாப்பாடு, வண்டி, பெட்ரோல் கணக்கைத் தம்பியிடம் கொடுத்துவிடுங்கள். பணம் உங்களுடையதாக இருக்கட்டும், எடுத்துக் கொடுக்கிற கை அவனுடையதாக இருக்கட்டும். ஹேவ்லாக்கில் ஒரு அரை நாள் இரண்டு பேரும் தனித்தனியாக இருங்கள். அவன் டைவிங் போகட்டும், நீங்கள் விஜயநகர் கடற்கரை மர நிழலில் புத்தகம் படியுங்கள். எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் திரும்பச் சந்திப்பது என்று சொல்லிவிட்டுப் பிரியுங்கள், ஏனென்றால் போனை முழுசாக நம்ப முடியாது. 2020-ல் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் போன பிறகு போர்ட் பிளேரில் இன்டர்நெட் நன்றாக இருக்கிறது. மற்ற தீவுகளில் திடீரென்று காணாமல் போகும். ஜிபேயும் அப்போது ஓடாது, ஏடிஎம்மும் குறைவு, ரொக்கம் கொண்டுபோங்கள். அம்மாவிடமும் இதைச் சொல்லி வையுங்கள்: தினமும் ராத்திரி எட்டு மணிக்குக் கூப்பிடுவோம், ஒரு நாள் வராவிட்டால் சிக்னல் இல்லை என்று அர்த்தம், ஹோட்டல் நம்பர் இது. அம்மாவுக்கு வேண்டியது பேக்கேஜ் அல்ல, இந்த விவரம்தான் என்று நினைக்கிறேன். போர்ட் பிளேரில் அபர்தீன் பஜார் பக்கம் நடந்தால் தமிழ் காதில் விழுந்துகொண்டே இருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வழி கேட்கவோ அவசரத்துக்கோ பாஷை தெரியாமல் நிற்க மாட்டீர்கள்.

திரும்பும்போது ஒன்று மட்டும். கரையில் கிடக்கிற பவளத் துண்டையும் சங்கையும் பையில் போட்டுக்கொள்ளத் தோன்றும். செத்த பவளமாக இருந்தாலும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி எடுத்து வரக் கூடாது, விமான நிலையத்தில் ஸ்கேனிங்கில் பிடித்து இறக்கிவிடுவார்கள், வழக்கும் வரலாம். சங்கு, சிப்பிச் சாமான் வேண்டுமென்றால் அரசு எம்போரியத்தில் பில் போட்டு வாங்கி, அந்தப் பில்லைப் பெட்டிக்குள் வைக்காமல் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.